உங்கள் வீட்டில் எத்தனை ஓட்டை?

1

போன ஞாயிற்றுக்கிழமை காலை, தோசைக்கல் அடுப்பில் ஏறிய நேரம் பார்த்து வாசல் மணி அடித்தது. கழுத்தில் மஃப்ளர் சுற்றிய ஒரு இளம்பெண் நின்றிருந்தார். டெல்லி ஆர்.கே.புரத்துக் குளிரில் மூக்கு சிவந்திருந்தது. வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்க வந்திருக்கிறாராம். இந்த வேலையை இங்கே பள்ளிக்கூட ஆசிரியர்களின் தலையில் கட்டிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமையும் போச்சே என்கிற எரிச்சல் அவர் முகத்தில் நன்றாகத் தெரிந்தது.

பட்டியலில் எங்கள் குவார்ட்டர்ஸ் எண்ணுக்கு நேரே மூன்று பெயர்கள். என்னுடையது, மனைவி சரோஜாவுடையது, மகள் கயல்விழியுடையது.

"தீனோ யஹீங் ரஹ்தே ஹைங்?" மூன்று பேரும் இங்கேதான் இருக்கிறீர்களா என்று கேட்டார்.

மகள் போபாலில் வேலை பார்க்கிறாள், போய் இரண்டு வருஷமாகிறது என்று இந்தியில் சொன்னேன்.

"தோ காட் தூங்?"

அப்படியானால் அடித்துவிடட்டுமா என்று அர்த்தம். பேனா மூடியை அதற்குள் கழற்றிவிட்டார். ஒரு நிமிஷம் இருங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கயலுக்குப் போன் போட்டேன். அவள் ஏதோ கூட்டத்தில் இருந்தாள் போல. பின்னால் பெண்கள் குரல் கலகலவென்று கேட்டது.

"கட் பண்ணச் சொல்லுங்கப்பா. நான் இங்க ஃபாரம் குடுத்தாச்சு. ரெண்டு இடத்துல பேர் இருந்தா தப்பு."

"இல்லம்மா, இங்கயும் ஒண்ணு இருந்தா..."

"அப்பா, இதுக்கா போன் பண்ணீங்க? நான் அப்புறம் பேசறேன், அச்சா?"

ஆசிரியை பையிலிருந்து ஒரு ஸ்கேலை எடுத்து, பெயரின் மேல் வைத்து, சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்தார். பிள்ளைகளின் நோட்டில் தப்பை அடிப்பது போல நேரான கோடு. சரோஜா கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டார். எனக்குத் தோசை இறங்கவில்லை.

ஊரில் இருக்கும் உங்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். பட்டியலில் ஒரு பெயரை அடித்ததற்கு ஒரு மனுஷன் இப்படிப் புலம்புவானா என்று கேட்பீர்கள். அந்தப் பெயர் அந்தப் பட்டியலில் ஏற எங்கள் வீட்டில் நடந்த கூத்து உங்களுக்குத் தெரியாது. நானும் வெட்கப்பட்டுக்கொண்டு இத்தனை நாள் யாரிடமும் சொன்னதில்லை.

2

கயலுக்குப் பதினெட்டு முடிந்து அடுத்து வந்த வருஷம், வெங்காயம் விலை ஏறி டெல்லியே உரிக்காமல் அழுத வருஷம். சட்டசபைத் தேர்தலும் அந்த வருஷம்தான். அவள் அப்போது கல்லூரியில் இருந்தாள்.

பெயர் வைத்தது நான். டெல்லி வாயில் அது காயல் ஆகிவிட்டது. இந்தியில் காயல் என்றால் ஒருவருடைய பேச்சுக்கோ திறமைக்கோ மயங்கிச் சரணடைவது. "உங்க பொண்ணு எல்லாரையும் காயல் ஆக்கிடுது" என்று மேல்வீட்டு வர்மாஜி வாரத்துக்கு ஒரு முறை அதே ஜோக்கை அடிப்பார். நானும் வாரத்துக்கு ஒரு முறை சிரித்து வைப்பேன். வீட்டில் அவள் தமிழ் பேசுவாள், எழுதப் படிக்க மட்டும் வராது. மோதி பாக் தமிழ்ப் பள்ளியில் சேர்க்கலாம் என்று சரோஜா சொன்னாள். நாளைக்கே டிரான்ஸ்பர் வந்தால் என்ன செய்வது என்று நான்தான் வேறு பள்ளியில் சேர்த்தேன். டிரான்ஸ்பர் கடைசிவரை வரவே இல்லை.

பஸ் நிறுத்தத்திலிருந்து எங்கள் பிளாக்குக்கு வர, பூங்காச் சுவரை ஒட்டி ஒரு குறுக்குப் பாதை உண்டு. அதில் தெருவிளக்கு செத்துப் பல மாதமாயிற்று. கல்லூரியிலிருந்து வரும் பெண்கள் அந்தப் பாதையை விட்டு அரைக் கிலோமீட்டர் சுற்றி வருவார்கள். ஏன் சுற்ற வேண்டியிருக்கிறது என்று பெற்றவர்களிடம் சொல்வதற்கு அவர்களுக்கே கூச்சம். கயலும் சிம்ரன் என்ற தோழியும் இன்னும் இரண்டு பெண்களுமாகச் சேர்ந்து ஒரு மனு எழுதி, பிளாக் பிளாக்காக ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்கினார்கள். அதை எடுத்துக்கொண்டு ஓர் உள்ளூர்ப் பிரமுகரின் அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கே மேசையில் உட்கார்ந்திருந்தவன் மனுவைத் திறக்கவே இல்லையாம். "உங்களில் ஓட்டு இருப்பது யாருக்கு?" என்று கேட்டிருக்கிறான். ஒருத்திக்கும் இல்லை. "வீட்டிலிருந்து ஓட்டு இருக்கிற யாரையாவது அனுப்புங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டான்.

"அப்பா, நீங்க என்கூட வாங்க" என்று வந்து நின்றாள்.

"நான் சர்க்கார் உத்தியோகஸ்தன். அரசியல்வாதி ஆபீஸ்ல போய் நிக்கக் கூடாதும்மா. கண்டக்ட் ரூல்ஸ் இருக்கு."

"ஒரு பல்பு கேக்கறது அரசியலா?"

"உனக்குத் தெரியாது. எதுல முடியும்னு சொல்ல முடியாது."

அவள் வாதாடவில்லை. புதுப் பட்டியல் வரட்டும், என் பேரிலேயே போய்க் கேட்கிறேன் என்று சொல்லிவிட்டாள். கோடை விடுமுறை முடிந்ததும் வரைவுப் பட்டியலைப் பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டினார்கள். சாயங்காலம் மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

"அப்பா, 611 இருக்கு. 613 இருக்கு. நடுவுல நம்ம வீடே இல்ல."

அப்போதுதான் எனக்கு அந்த மார்ச் மாத ஞாயிறு ஞாபகம் வந்தது. கயல் சிம்ரன் வீட்டுக்குப் போயிருந்தாள். கணக்கெடுக்க ஒரு வயதான ஆசிரியர் வந்திருந்தார். வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "கர் கஹாங் ஹை ஆப்கா?"

கர் என்றால் வீடு. உங்கள் வீடு எங்கே என்று கேட்டார். டெல்லித் தமிழன் யாரிடம் வேண்டுமானாலும் இதைக் கேட்டுப் பாருங்கள். முப்பது வருஷமாக ஒரே குவார்ட்டர்ஸில் இருப்பவனும் கும்பகோணம் என்பான், காரைக்குடி என்பான். கேள்வி எங்கள் காதில் சொந்த ஊர் எது என்றுதான் விழும். நானும் நெஞ்சை நிமிர்த்தி, "விருதுநகர் ஜில்லா, தமிழ்நாடு" என்றேன். ஓட்டும் அங்கேதானா என்றார். பின்னே, அங்கேதான் என்றேன். பெண்ணுக்குப் பதினெட்டு ஆகிவிட்டதே என்று நானாகத்தான் சொன்னேன். அப்பா ஓட்டு எங்கேயோ அங்கேதான் பெண்ணுக்கும், ஊரிலேயே எழுதிக்கொள்ளுங்கள் என்றார். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. கை குலுக்கி அனுப்பினேன்.

இதைக் கயலிடம் சொல்லி முடித்தபோது, அடுப்படியிலிருந்து சரோஜா எட்டிப் பார்த்தாள். கயல் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் மெதுவாகத்தான் கேட்டாள்.

"நீங்க கடைசியா எப்ப ஓட்டு போட்டீங்க?"

மனசுக்குள் விரல் விட்டு எண்ணினேன். டெல்லிக்கு வந்து இருபத்தைந்து வருஷம். தேர்தல் வரும்போதெல்லாம் லீவு கிடைக்காது. லீவு கிடைக்கும்போது தேர்தல் இருக்காது. இருபத்தோரு வயது ஆனால்தான் ஓட்டு என்றிருந்த காலத்தில், இருபத்தொன்று ஆனதும் ஒரே ஒரு முறை போட்டதுதான். அதுவும் யாருக்குப் போட வேண்டும் என்று எங்கள் அப்பா வீட்டிலேயே சொல்லி அனுப்பியிருந்தார்.

"ரூல்ஸ்ல ஓட்டு போடக் கூடாதுன்னு இருக்கா?" என்று அடுத்த கேள்வி.

இல்லை. அந்த விதிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு எத்தனையோ பேருக்கு மெமோ எழுதியவன் நான். அரசு ஊழியர் ஓட்டுப் போடலாம், யாருக்குப் போட்டேன் என்று மட்டும் காட்டிக்கொள்ளக் கூடாது என்று அதில் தெளிவாகவே இருக்கிறது. எனக்கு அது நன்றாகத் தெரியும்.

3

நான் பிறவியிலேயே இப்படி வாயை மூடிக்கொண்டு இருந்தவன் இல்லை. கல்லூரியில் படிக்கும்போது எங்கள் கூட்டத்தைக் கண்டால் தெருவே ஒதுங்கும். சுவர் பிடிப்பதற்கே அடிதடி நடக்கும். தேர்தலுக்கு மூன்று மாதம் முன்பே நல்ல வெள்ளைச் சுவராகப் பார்த்து நான்கு மூலையிலும் பெயர் எழுதி ரிசர்வ் செய்துவிடுவோம். காவியும் நீலமும் கரைத்து, தென்னை மட்டையைத் தட்டிப் பிரஷ் ஆக்கி, நான் எழுதிய எழுத்தைப் பார்க்கப் பக்கத்துத் தெருவிலிருந்து ஆள் வரும். சைக்கிள் ரிக்‌ஷாவில் மைக் கட்டி, பஜார் முழுக்கக் கத்தித் தொண்டை கட்டி, மறுநாள் வகுப்பில் ஆஜர் சொல்லக் குரல் வராது. போஸ்டர் ஒட்டத் தூக்கிய பசைவாளியின் வாடை இப்போதும் என் மூக்கில் இருக்கிறது. அதை நினைத்தால் எனக்கு ஏக்கமாக இருக்கிறது, மறைப்பானேன்.

ஒரு சித்திரையில் பதினைந்து நாளாகக் குடிதண்ணீர் வரவில்லை. மாணவர்கள் நாங்கள் வீடு வீடாகப் போய்க் காலிக் குடங்களை வாங்கி வந்து பஸ் ஸ்டாண்டு முன்னால் அடுக்கி மறியல் செய்தோம். போலீஸ் வந்தது. எங்களை அள்ளிக்கொண்டு போய் ஒரு கல்யாண மண்டபத்தில் உட்கார வைத்தார்கள். மத்தியானம் எலுமிச்சம்பழச் சாதப் பொட்டலம் கொடுத்தார்கள். எங்களில் பாதிப் பேர் சீட்டு விளையாடினோம். சாயங்காலம் ஒரு வெள்ளைத் தாளில் பெயரையும் அப்பா பெயரையும் எழுதிக்கொண்டு விட்டுவிட்டார்கள். தண்ணீர் மறுநாள் வந்தது. ஒரு வாரம் ஊரே எங்களைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது.

மூன்று வருஷம் கழித்து டெல்லி உத்தியோகத்துக்கு உத்தரவு வந்தது. கூடவே நடத்தைச் சரிபார்ப்புப் படிவம் ஒன்று. நீங்கள் எப்போதாவது கைது செய்யப்பட்டதுண்டா என்று அதில் ஒரு கேள்வி. கல்யாண மண்டபத்தில் சாதம் சாப்பிட்டது கைதா, இல்லையா? அப்பா என் முகத்தைப் பார்த்தார், நான் அவர் முகத்தைப் பார்த்தேன். "இல்லை" என்று எழுதினேன். அந்த வெள்ளைத் தாள் எந்த ஸ்டேஷனில் எந்த மூட்டையில் இருக்கிறதோ, என்றைக்கு எவன் எடுத்து நீட்டுவானோ என்று ரொம்ப நாள் பயந்து செத்தேன். அலுவலகத்தில் யாராவது "ஒரு கையெழுத்துப் போடுங்கள்" என்று பொது மனுவை நீட்டினால் பாத்ரூம் பக்கம் போய்விடுவேன். பிறகு பயம் போய்விட்டது. அந்தப் பழக்கம் மட்டும் தங்கிவிட்டது. விதிப் புத்தகம் அதற்கு வசதியாக இருந்தது.

இதை நான் கயலிடம் சொல்லவில்லை. குடங்களைப் பற்றி நூறு முறை சொல்லியிருக்கிறேன், படிவத்தைப் பற்றி ஒரு முறையும் இல்லை.

4

விடுபட்டவர்கள் மனுக் கொடுக்க மூன்று வாரம் அவகாசம் தந்திருந்தார்கள். விடுபட்டது எங்கள் வீடு மட்டுமா என்று பார்க்கப் போன கயலுக்கு, பிளாக்குக்கு நாலு வீடு அப்படித் தேறியது. பாதிப் பேர் தெற்கத்திக்காரர்கள். எல்லோரும் "கர் கஹாங் ஹை" கேள்விக்கு நெஞ்சை நிமிர்த்தியவர்கள்தான். அந்த மூன்று வாரமும் எங்கள் முன்னறை ஒரு கட்சி ஆபீஸ் மாதிரி ஆகிவிட்டது. கட்சிதான் இல்லை. ஏழெட்டுப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து படிவம் நிரப்புவார்கள். சரோஜா தோசை வார்த்துப் போட்டே சலித்தாள்.

"கொடி இல்ல, கோஷம் இல்ல. இது என்ன போராட்டம்?" என்று ஒரு நாள் கயலைச் சீண்டினேன்.

"கொடி எதுக்குப்பா? கொடி வச்சா கொடி பத்தித்தான் பேசுவாங்க. எங்களுக்கு லைட் வேணும்."

வர்மாஜியின் மகன் ரோஹித் அங்கே உட்கார்ந்துகொண்டே, "அங்கிள், குச் நஹீங் பதல்னே வாலா" என்பான். ஒன்றும் மாறப் போவதில்லையாம். எல்லாரும் திருடர்களாம். அவன் கனடா போகப் போகிறானாம். ஆனால் அவன் கையெழுத்து அச்சுப் போல இருக்கும். கயல் அவனை விடவில்லை. உனக்கு நம்பிக்கை இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை, பேனா இருக்கிறதா என்றுதான் கேட்டேன் என்று சொல்லிவிட்டாள். முணுமுணுத்துக்கொண்டே முப்பது படிவம் எழுதினான். எங்கள் காலத்தில் நம்பிக்கை இல்லாதவனைப் பக்கத்திலேயே சேர்த்திருக்க மாட்டோம்.

காலனிக்குப் பின்னால் நாலா என்கிற சாக்கடைக் கால்வாயைத் தாண்டி ஜுக்கிகள் உண்டு, தகரமும் பிளாஸ்டிக்கும் போட்ட குடிசைகள். அங்கே இருப்பவர்களில் பலர் விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பக்கத்துத் தமிழர்கள். எங்கள் பிளாக்கில் பாத்திரம் தேய்க்க வரும் அஞ்சலை அங்கேதான் இருந்தாள். ஒரு நாள் அவள் வேலை முடித்துக் கிளம்பும்போது, கயல் நோட்டும் கையுமாக வழிமறித்து, தன்னால் முடிந்த சுத்தத் தமிழில் கேட்டாள்.

"அக்கா, உங்க வீட்டுல எத்தன ஓட்டை இருக்கு?"

ஓட்டைப் போடுங்கள், ஓட்டைப் போடுங்கள் என்று என் பழைய ஊர்வலக் கதைகளில் கேட்டுக் கேட்டு, ஒரு ஓட்டு என்பதே ஓட்டை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள் என் மகள். அஞ்சலை முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"மழை பெய்யறப்ப வந்து எண்ணிப் பாரு பாப்பா. எனக்கு எண்ணி மாளல."

சரோஜா சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்ந்துவிட்டாள். கயலுக்கு ஏன் சிரிக்கிறோம் என்றே புரியவில்லை. விளக்கிச் சொன்னதும் முகம் சிவந்து, அப்புறம் அவளும் சிரித்தாள். பிறகு நான் அஞ்சலையிடம், உங்கள் பெயரெல்லாம் பட்டியலில் இருக்கிறதா என்று ஒழுங்காகக் கேட்டேன்.

"அது எப்பவோ இருக்குது சார். நானு, எங்க வூட்டுக்காரரு, பெரியவன், மூணு ஓட்டு."

"கணக்கெடுக்க வந்தவர் வீடு எங்கேன்னு கேக்கலியா?"

"கேட்டாரு. யஹீங் ஹைன்னேன். இங்கதான் சார்னு சொன்னேன். எவன் வந்து கேட்டாலும் அதான் சொல்லணும். வாய் தவறி ஊர்ப் பேரைச் சொல்லிட்டா, அப்ப ஊருக்குப் போன்னு ஜுக்கியை இடிச்சிட மாட்டான்? ஊர்ல வீடு வச்சிருக்கறவங்க நீங்க சொல்லலாம். நாங்க சொல்ல முடியுமா?"

அவள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. பால் தீர்ந்துவிட்டது என்று சொல்வது போலச் சொன்னாள். எனக்குத்தான் எங்கேயோ குத்தியது.

5

கயலின் மனு மீது விசாரணைக்கு அழைப்பு வந்தது. அப்பாவும் வர வேண்டும் என்று போட்டிருந்தார்கள். அரை நாள் லீவு போட்டேன். பழைய கட்டடம், தலைக்கு மேலே சோம்பேறி மின்விசிறி, அதற்குக் கீழே பேப்பர் வெயிட்டாக ஒரு பித்தளைப் பூட்டு. அதிகாரி ஹரியானாக்காரர். மீசைக்குள் சிரிக்கிற மனிதர். என் வேலையைக் கேட்டதும் நாற்காலி போடச் சொன்னார்.

"பாய் சாப், பேட்டி யஹாங், பாப் வஹாங்?" என்றார். மகள் இங்கே, அப்பன் அங்கே, இது எப்படி?

மகள் பிறந்ததும் படித்ததும் இங்கேதான், அவளுக்கு இங்கேதான் ஓட்டு வேண்டும், அன்றைக்கு நான் சொன்னது தப்பு என்று சொன்னேன். எழுதிக் கொடுங்கள் என்றார். எழுதிக் கொடுத்தேன். கயலின் படிவத்தில் சட்டென்று ஒப்பமிட்டார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து இன்னும் இரண்டு படிவங்களை எடுத்து என் பக்கம் தள்ளினார். வந்ததோடு உங்களுக்கும் மனைவிக்கும் எழுதிவிடுங்கள், இன்றைக்குக் கடைசி நாள் என்றார்.

பேனாவை எடுத்தேன். பெயர், தகப்பனார் பெயர், வயது எல்லாம் எழுதினேன். கீழே ஓர் உறுதிமொழி இருந்தது. முன்பு வேறு இடத்துப் பட்டியலில் இருந்தால், அங்கிருந்து என் பெயரை நீக்கிவிடலாம் என்று கையெழுத்துப் போட வேண்டும். அந்த இடத்தில் கை நின்றுவிட்டது. அப்பா இறந்த பிறகு வீட்டைச் சித்தப்பா மகன் பாண்டிக்கே விட்டுக்கொடுத்தாயிற்று. அங்கே எனக்கென்று மிச்சம் இருப்பது பட்டியலில் அந்த ஒரு வரிதான் என்று தோன்றியது. அதை என் கையாலேயே நீக்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

"மேரா நாம் வஹாங் ரஹ்னே தீஜியே, சாப்" என்று பேனா மூடியைத் திருகினேன். என் பெயர் அங்கேயே இருக்கட்டும். அதிகாரி தோளைக் குலுக்கிவிட்டுப் படிவங்களைத் திரும்ப உள்ளே போட்டுக்கொண்டார்.

திரும்பும்போது ப்ளூலைன் பஸ்ஸில் அடுத்தடுத்து உட்கார இடம் கிடைத்தது. சாணக்யபுரியின் அகலமான தெருக்களில் கொடி கட்டிய தூதரகங்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. கயல் ஜன்னல் பக்கம் பார்த்தபடி கேட்டாள்.

"அப்பா, நீங்க இங்க கெஸ்ட்டா?"

"என்னம்மா கேள்வி இது?"

"இல்ல, இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு. தண்ணி இங்க குடிக்கறீங்க, பஸ் இங்க ஏறறீங்க. ஆனா இங்க லைட் இல்லன்னா உங்களுக்கு ஒண்ணும் இல்ல. ஏன்னா கெஸ்ட். அப்ப நான் யாரு? கெஸ்ட்டோட பொண்ணா?"

அவளிடம் கோபம் இருந்திருந்தால் சமாளித்திருப்பேன். அவள் நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

6

வீட்டுக்கு வந்து பாண்டிக்கு ஒரு இன்லண்ட் லெட்டர் எழுதினேன். வாக்காளர் பட்டியலில் என் பெயர் இருக்கிற பக்கத்தை நகல் எடுத்து அனுப்பச் சொன்னேன். கயல் முகத்துக்கு முன்னால் அதை நீட்ட வேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு. பார், நான் விருந்தாளி இல்லை, எனக்கும் ஓரிடத்தில் கணக்கு இருக்கிறது என்று காட்ட வேண்டும்.

தேர்தலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது பதில் வந்தது. நகல் இல்லை, கடிதம் மட்டும்தான்.

"அன்புள்ள அண்ணனுக்கு, இங்கு யாவரும் நலம். அங்கு மதினி, கயல் பாப்பா நலம் அறிய ஆவல். நீங்க கேட்ட லிஸ்டைப் போய்ப் பாத்தேன். உங்க பேர் அதுல இல்ல. ரொம்ப வருசத்துக்கு முன்னாடி கணக்கெடுக்க வந்தவுககிட்ட நான்தான் சொன்னேன், அண்ணன் டெல்லிக்காரராயிட்டாக, இனி எங்க இங்கிட்டு வரப் போறாகன்னு. அப்பவே அடிச்சுட்டாக போல. மதினி பேரு எப்பவுமே ஏறல. அங்கதான் உங்களுக்கு இருக்கும்னு நெனச்சேன். தப்பா எடுத்துக்கிடாதீக..."

இரண்டு முறை படித்தேன். பாண்டி மேல் கோபப்படப் பார்த்தேன், வரவில்லை. அவன் என்ன பொய்யா சொன்னான்? மார்ச் மாதத்தில் இங்கே நான் என்ன செய்தேனோ அதையே எனக்கு அவன் அங்கே செய்திருக்கிறான். இங்கே கேட்டால் அங்கே என்று நான் சொன்னேன். அங்கே கேட்டால் இங்கே என்று அவன் சொன்னான். ஊர் ஊர் என்று நான் மார் தட்டிய அத்தனை வருஷமும் இந்த நாட்டில் எந்தத் தாளிலும் எனக்கு ஓட்டு இருந்ததில்லை.

சரோஜா கடிதத்தை வாங்கிப் படித்தாள். மடித்துத் திரும்பக் கொடுத்தாள்.

"அப்ப இத்தனை வருஷமா நான் எந்த ஊர்க்காரிங்க?" என்றாள். கல்யாணமாகி என் பின்னால் வந்தவள். என் ஓட்டு எங்கேயோ அங்கேதான் உனக்கும் என்று அவளிடமும் சொல்லி வைத்திருந்தேன்.

கடிதத்தைக் கயலிடம் நானே கொடுத்தேன். அவளால் படிக்க முடியாது என்பது அப்புறம்தான் உறைத்தது. நானே வாசித்துக் காட்டினேன், ஒரு வரி விடாமல். வாசித்து முடித்த கையோடு அந்த நடத்தைப் படிவத்தையும், நான் "இல்லை" என்று எழுதியதையும் சொன்னேன். கயல் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

7

தேர்தலன்று நல்ல இளம் குளிர். ஓட்டுப் போட உரிமை உள்ளவள் எங்கள் வீட்டில் கயல் ஒருத்திதான். சரோஜா, வேடிக்கை பார்க்க நான் எதற்கு என்று வர மறுத்துவிட்டாள். நான் துணைக்குப் போனேன். முந்தின நாள் சும்மா இருக்க மாட்டாமல், யாருக்குப் போடப் போறே என்று கயலிடம் கேட்டுப் பார்த்தேன். "அது சீக்ரெட்ப்பா, சொல்ல மாட்டேன்" என்றாள். எங்கள் அப்பாவிடம் நான் அப்படிச் சொல்லியிருந்தால் வீட்டில் பெரிய கலவரமே நடந்திருக்கும். எனக்கு என்னவோ அவள் சொல்லாதது பிடித்திருந்தது.

பள்ளிக்கூட வாசலில் ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. கயல் தன் கல்லூரிப் பையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போய் நின்றாள். சிம்ரன் கையாட்டினாள். ரோஹித்தும் வந்திருந்தான், தூக்கக் கலக்கத்தோடு. ஒன்றும் மாறாது என்று ஆண்கள் வரிசையில் யாரிடமோ விளக்கிக்கொண்டே நகர்ந்துகொண்டிருந்தான். நான் பையை மார்போடு அணைத்துக்கொண்டு மரத்தடியில் ஒதுங்கி நின்றேன்.

பெண்கள் வரிசையில் கயலுக்கு நாலு பேர் பின்னால் அஞ்சலை நின்றிருந்தாள். மடிப்புக் கலையாத பச்சைப் புடவை, தலையில் பூ. தேர்தல் அவளுக்குத் திருவிழா. என்னைப் பார்த்ததும் சத்தமாகக் கூப்பிட்டாள்.

"இன்னா சார், அங்க நிக்கறீங்க? வரிசைல வாங்க."

"எனக்கு இங்க ஓட்டு இல்லம்மா."

"ஊர்லயா சார்?"

"அங்கயும் இல்ல."

அஞ்சலை என்னை ஏற இறங்கப் பார்த்தாள். இஸ்திரி போட்ட சட்டை, காலில் ஷூ, கையில் மகளின் பை.

"ஐயோ பாவம்" என்றாள்.

மனதாரச் சொன்னாள். வரிசை நகர்ந்தது, அவளும் நகர்ந்து போய்விட்டாள். அந்த வாசலில் அன்று எனக்குக் கிடைத்தது அந்த இரக்கம்தான். அதற்கு நான் தகுதியானவன் என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

அரை மணி கழித்துக் கயல் வெளியே வந்தாள். மையிட்ட விரலைத் தனியாகத் தூக்கிப் பிடித்தபடி, அது எங்கேயும் பட்டுவிடக் கூடாது என்பது போல நடந்து வந்தாள். முகம் அப்படி ஒரு பிரகாசம். பையை வாங்கித் திறந்து ஒரு நோட்டை எடுத்தாள். அதற்குள் இரண்டு படிவங்கள். ஒன்றில் சரோஜாவின் பெயர், ஒன்றில் என் பெயர். எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருந்தன, ரோஹித்தின் அச்சுக் கையெழுத்தில்.

"தேர்தல் முடிஞ்சதும் திரும்ப வாங்குவாங்களாம். நான் கேட்டுட்டேன். அம்மா காலையிலேயே சைன் பண்ணிட்டாங்க."

"எங்கிட்ட ரெண்டு பேரும் ஒரு வார்த்தை சொல்லல?"

"நீங்க சைன் பண்ணலன்னா அம்மா உங்கள லிஸ்ட்ல சேர்க்காம தனியா இருந்துக்கறாங்களாம்."

வைத்து எழுதச் சுற்றுமுற்றும் ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடச் சுவர் முழுக்கச் சொரசொரப்பு. கயல் திரும்பி நின்று, லேசாகக் குனிந்து, முதுகைக் காட்டினாள். அதன் மேல் நோட்டை வைத்து, நோட்டின் மேல் படிவத்தை வைத்து, என் கையெழுத்தைப் போட ஆரம்பித்தேன். பேனா நகரும்போதெல்லாம் அவள் நெளிந்தாள்.

"அப்பா, கூசுது. ஜல்தி, ஜல்தி!"

நான் அவசரப்படவில்லை.